வீல் மட்டும் இருந்தா போதுமா, தண்டவாளம் பொருந்த வேணாமா?

ரொம்ப நாளாச்சு பொட்டி தட்டுற விஷயமா ஒரு பதிவு போட்டு. சினிமா, அரசியல்னு எதிர்பார்த்து வந்தவங்க இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. மேட்டர் நம்ம தமிழ் சம்பந்தப்பட்டது, அதனால பாதியில ஓடிடாதீங்க :-)

பொழுதுபோக்கா தமிழுக்கு ஏதாவது கருவி செய்யற பசங்க இப்பல்லாம் அதை 'சர்வர்லெஸ்' ஃபங்ஷனாத்தான் மேகத்துல ஏத்துறாங்க. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சர்வர் இருக்கு, அது அடுத்தவன் சர்வர். அவ்வளவுதான். 2014 நவம்பர்ல அமேசான் லாம்டாவை அறிவிச்சது. பிறகு கூகிள், மைக்ரோசாஃப்ட், நம்ம ஸோஹோவின் கேட்டலிஸ்ட் எல்லாம் வந்தாச்சு. யாராவது கூப்பிட்டாதான் நிரல் ஓடும், ஓடுன நேரத்துக்குத்தான் காசு. கைக்காசைப் போட்டு தமிழுக்கு வேலை செய்யறவனுக்கு இதைவிட என்ன வேணும்?

ஆனா ஏத்தும்போதுதான் வில்லங்கம். எங்க ஊர்லேர்ந்து தினம் சென்னைக்கு ரயில்ல போய்வர்ற தம்பிங்க ரெண்டு மூணு பேர் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான். "அண்ணா, என் லேப்டாப்ல ஜோரா ஓடுது. மேல ஏத்தினா 'மாட்யூல் இல்லை'ங்குது, 'ஈஎல்எஃப் ஹெடர் சரியில்லை'ங்குது, 'ஜிலிப்சி பதிப்பு கிடைக்கலை'ங்குது. க்ளவுடே சரியில்லண்ணா!"

க்ளவுடு மேல தப்பு இல்லைங்கறதுதான் என் கட்சி. கொஞ்சம் விளக்குறேன்.

அரக்கோணத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்கறது சுலபம். இங்க ஒரு காலத்துல சென்னை லைன் அகலப்பாதை, செங்கல்பட்டு லைன் மீட்டர்கேஜ். ரெண்டும் ரயில்தான், ரெண்டுலயும் சக்கரம் உண்டு. ஆனா இந்தப் பெட்டி அந்தத் தண்டவாளத்துல ஏறாது. பைத்தான்ல கட்டி முடிச்ச பொட்டலத்துக்குப் பேரே 'வீல்'. நம்பை, பில்லோ, கிரிப்டோகிராஃபி மாதிரியான நூலகங்கள் முழுக்க பைத்தான் இல்லை, உள்ளே சி, ரஸ்ட்டுல எழுதி இயந்திர மொழிக்கு மாத்தின துண்டுகள் இருக்கும். நீங்க விண்டோஸ்லயோ மேக்லயோ 'பிப்' போட்டு நிறுவினா அந்த மெஷினுக்கான வீல்தான் இறங்கும். அதை அப்படியே ஜிப் கட்டி லினக்ஸ்ல ஓடற லாம்டாவுக்கு அனுப்பினா எப்படி ஓடும்?

லினக்ஸுக்குள்ளேயும் கேஜ் வித்தியாசம் உண்டு. லாம்டாவின் பைத்தான் 3.11 ஓடறது அமேசான் லினக்ஸ் 2-ல, அதுல ஜிலிப்சி 2.26. பைத்தான் 3.12 வந்தப்ப அமேசான் லினக்ஸ் 2023-க்கு மாறினாங்க, அங்க 2.34. புதுசுல கட்டினதைப் பழசுல ஏத்தினா மேலே சொன்ன 'ஜிலிப்சி' அழுகை. 2020 கடைசியில ஆப்பிள் எம்1 மேக் வந்தப்புறம் இன்னொரு குழப்பம் சேர்ந்துச்சு: லேப்டாப்ல ஆர்ம் சிப்பு, மேகத்துல பெரும்பாலும் இன்டெல் வகை.

ஆக வைத்தியம் ஒண்ணேதான். எங்க ஓடப்போகுதோ அதே மாதிரி இடத்துல கட்டுங்க. ஒண்ணு, அவங்களே குடுக்கற பில்டு இமேஜை டாக்கர்ல ஓட்டி அதுக்குள்ள நிறுவணும். இல்லாட்டி பிப்புக்கே 'பிளாட்ஃபார்ம்' எதுன்னு சொல்லி, 'பைனரி மட்டும்'னு கட்டாயப்படுத்தணும். அப்ப பொருந்தாத வீல் உங்க மெஷின்லயே மாட்டிக்கும், மேல போய் மானத்தை வாங்காது. கூடவே ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு எண்ணையும் பூட்டி வைங்க. "சமீபத்திய பதிப்பு எதுவானாலும் சரி"ன்னு விட்டா, இன்னிக்கு ஓடினது ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஏத்தும்போது படுத்துடும்.

இதுவரைக்கும் சொன்னது எந்த டுடோரியல்லயும் இருக்கும். நான் முக்கியமா சொல்ல வந்தது வேற.

பிழைச்செய்தி வந்தா கும்பிட்டு வாங்கிக்கங்க. அது கத்துது, நாம திருத்தறோம். தமிழ்க் கருவிகளுக்கு நிஜமான ஆபத்து கத்தாத பிழைகள். ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, படத்து மேல தமிழ் எழுதறது. பைத்தான்ல இதுக்குப் பில்லோ. 'கொ'ன்னு எழுதினா ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும். இதைச் செய்யறது ராக்ம்ங்கற நூலகம். 2021-ல வந்த 8.2 பதிப்புலேர்ந்து பில்லோ வீலுக்குள்ளேயே ராக்ம் இருக்கு. ஆனா அதுக்கு ஃப்ரிபிடின்னு இன்னொண்ணு கணினியில இருந்தாகணும். உங்க லேப்டாப்ல இருக்கலாம். இளைக்க வெச்ச மேக இமேஜ்ல இல்லாமப் போகலாம். அப்ப பில்லோ சத்தமே போடாது. எழுத்துகளை வந்த வரிசையில அடுக்கிட்டுப் போயிடும். நிறுவல் வெற்றி, பதிவேட்டுல ஒரு பிழை இல்லை, படத்துல தமிழ் கொலை! ஆங்கிலத்துக்கு மட்டும் சோதிச்சுப் பார்த்தவனுக்கு இது தெரியவே தெரியாது.

ரெண்டு, பழைய குறியாக்கம். யூனிகோடுக்கு முந்தி நாம மாரடிச்ச திஸ்கி ஞாபகம் இருக்கா? 1998 பொங்கலுக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பலவும் திஸ்கியில வந்ததுதான். ஜிலிப்சியோட வர்ற 'ஐகான்வ்' கருவிக்குத் திஸ்கியை யூனிகோடாக்கத் தெரியும், எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆனா ஃபெடோரா வழி வந்த லினக்ஸ்கள்ல இதைத் தனிப் பொட்டலமாப் பிரிச்சு வெச்சுட்டாங்க. ஆல்பைன் லினக்ஸ்ல ஜிலிப்சிக்குப் பதிலா மஸ்ல், அதோட ஐகான்வுக்குத் திஸ்கின்னா என்னன்னே தெரியாது. இந்த மாதிரி சார்புகள் எந்த 'ரிக்வயர்மென்ட்ஸ்' கோப்புலயும் வராது, ஏன்னா அது பைத்தான் பொட்டலமே இல்லை.

"கன்டெய்னர்ல எல்லாத்தையும் போட்டு ஏத்து, 10 ஜிபி வரைக்கும் லாம்டாவே அனுமதிக்குதே"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான். ஜிப் வழியில விரிச்ச பிறகு 250 எம்பிதான், 2020 டிசம்பர்லேர்ந்து கன்டெய்னர் வழியில 10 ஜிபி. ஆனா உள்ளே என்ன போடணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் பெரிய பொட்டி உதவும். ஃப்ரிபிடின்னு ஒண்ணு தேவைன்னே தெரியாதவன் 10 ஜிபியிலயும் அதை மறந்துட்டுத்தான் போவான்.

அதனால என் கோரிக்கை மூணு. முதல்ல, தமிழ்க் கருவி ஏத்தறவங்க 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷௌ' மாதிரி நாலு எழுத்தை வெச்சு ஒரு சோதனை எழுதுங்க. அதை மேகத்துல ஓட்டுங்க, லேப்டாப்ல இல்லை. அடுத்து, நூலகம் மட்டுமில்லாம எழுத்துரு, குறியாக்க அட்டவணை எல்லாத்தையும் "இதெல்லாம் தேவை"ன்னு ஒரு பக்கம் எழுதி நிரலோட வைங்க. மூணாவது, நாப்பது வரியில நீங்களே எழுதக்கூடியதுக்கு ஒரு நூலகத்தை இழுக்காதீங்க. 2016 மார்ச்ல லெஃப்ட்பேடுங்கற பதினோரு வரி நிரலை அதை எழுதினவர் என்பிஎம்லேர்ந்து எடுத்துட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பில்டு கவிழ்ந்துச்சு. திஸ்கி மாற்றி ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, முக்காவாசி ஒரு அட்டவணைதான்.

பெரிய கம்பெனி நிரல் கவிழ்ந்தா அதை எழுப்ப சம்பளத்துக்கு ஆள் இருக்கு. நம்ம எழுத்துருமாற்றி கவிழ்ந்தா? செஞ்சவன் கல்யாணம், வேலைன்னு போயிருப்பான். பழைய மடல்களையும் மின்னூல்களையும் வெச்சிருக்கறவர் ஒருத்தர், மாத்த வழியில்லாம கட்டம் கட்டமா பார்த்துட்டு உக்காந்திருப்பார். அவருக்காகவாவது அந்த ஒரு பக்கத்தை எழுதி வைங்கப்பா.

டிஸ்கி: நோட், ஜாவா பக்கம் இதே மாதிரி கத்தாத தமிழ்ப் பிழை பார்த்தவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. தொகுத்து ஒரு பதிவா போட்டுடலாம். "மீ த ஃபர்ஸ்ட்டு"ன்னு மட்டும் போட்டுட்டு ஓடறவங்களுக்கு இந்த முறை மன்னிப்பு கிடையாது :-)