‘பாஸ்’ என்று வந்தால் போதுமா?

தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மென்பொருள் வேலைக்குச் சேரும் பலருக்கு முதலில் கிடைப்பது டெஸ்டிங் பணிதான். அதற்கான கருவிகளைத் தி.நகர், அடையாறு பயிற்சி மையங்கள் சொல்லித் தருகின்றன. சோதனை எழுதப் பழகும் அளவுக்கு, ஏற்கெனவே எழுதிய சோதனையைக் குற்றம் பார்த்துப் படிக்க நாம் பழகுவதில்லை. அதைப் பழகுவதற்கு எல்லோருக்கும் திறந்து கிடக்கும் இடம் ஒன்று உண்டு. அது கிட்.

நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப வழி செய்யும் மென்பொருள் கிட். அதை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் பராமரிப்பு ஜூனியோ ஹமானோவின் கைக்கு வந்தது. அதன் மூலநிரலோடு ஏறத்தாழ ஆயிரம் சோதனை ஸ்கிரிப்டுகள், பெரும்பாலும் ஷெல்லில் எழுதப்பட்டவை, சேர்ந்தே வருகின்றன. கூகுளின் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் கிட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் முதலில் ஒரு சிறு வேலை கேட்பார்கள். பழைய சோதனை ஒன்றைச் சீராக்குவது அதில் வழக்கமானது. பார்த்தால் எழுத்துப்பிழை திருத்துவது போலத் தோன்றும். அப்படியல்ல.

‘கிட் லாக்’ தரும் வெளியீட்டைப் பைப் வழியாக, வரி தேடும் ‘கிரெப்’ கமாண்டுக்கு அனுப்பி, குறிப்பிட்ட வரி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பைப்பில் கடைசியாக நிற்கும் கமாண்டின் முடிவைத்தான் ஷெல் கணக்கில் எடுக்கும். வரியை அச்சிட்ட மறுகணமே கிட் நிலைகுலைந்து நின்றுபோனாலும், கிரெப்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டது; சோதனை பாஸ். சோதிக்க வந்தது கிட்டை, தேறியதோ கிரெப்! வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் எழுதி, கிட் ஒழுங்காக முடிந்தால் மட்டும் கிரெப்பை ஓட்டு என்று மாற்றினால் இந்த ஓட்டை அடைபடும்.

‘இது தோற்க வேண்டும்’ என்று எதிர்பார்க்கும் சோதனைகளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. இல்லாத கிளையின் பெயரைக் கொடுத்தால் கிட் பிழைச்செய்தி காட்டி மறுக்க வேண்டும். கமாண்டுக்கு முன் வெறும் ஆச்சரியக்குறி போட்டிருந்தால், கிட் முறையாக மறுத்தாலும் பாஸ். நினைவகப் பிழையால் 139 என்ற எண்ணோடு செத்து விழுந்தாலும் பாஸ். அதனால்தான் இந்த இரண்டையும் பிரித்தறியத் தனி உதவிச் சார்பு வைத்திருக்கிறார்கள். அளக்கும் கருவியையும் சரிபார்த்தாக வேண்டும். உஸ்மான் சாலை நகைக்கடையில் தங்கம் நிறுக்கும் மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்கிறது சட்டம். சோதனை நிரலுக்கு அந்த முத்திரையை இடுவது, இன்னொருவர் அதைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூதான்.

நம் மொழியைத் தொடும் இடமும் உண்டு. மயிலாப்பூர் மாணவி ஒருவர் கோப்புக்குக் ‘கோவில்’ என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு பைட்டுகள். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அதனால் மாணவியின் கோப்பு கிட்டுக்கு அறிமுகமில்லாத புதுக் கோப்பாகத் தெரியக்கூடும். இதைச் சரிக்கட்டும் அமைப்பு கிட்டில் உண்டு. 3910 என்ற எண்ணிட்ட சோதனையும் உண்டு. அது பெரும்பாலும் இரட்டைப் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளை வைத்தே சோதிக்கிறது.

தமிழ்ப் பெயரையும் சேர்க்கலாமா? ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ரிவ்யூ செய்பவர் கேட்கும் கேள்வி வேறு: இருக்கும் சோதனை தவறவிட்டு, புதியது பிடிக்கக்கூடிய பிழை எது? தமிழ் எழுத்தும் ஐரோப்பிய எழுத்தும் ஒரே மாற்று நிரல் வழியாகத்தான் போகின்றன என்றால் சேர்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு சோதனையும் பல இயங்குதளங்களில் திரும்பத் திரும்ப ஓடி நேரத்தைத் தின்கிறது. புதிய சோதனை மட்டும் பிடிக்கும் பிழை ஒன்று இருந்தால், நாம் அனுப்பும் திருத்தமான பேட்சின் விளக்கத்தில் அதை எழுதியாக வேண்டும். கண்டறிய வழி எளிது: கிட்டின் அந்தப் பகுதியை நம் கணினியில் வேண்டுமென்றே கெடுத்து, சோதனை ஃபெயில் ஆகிறதா என்று பார்ப்பது.

நம் பயிற்சி மையங்களில் இதற்கென ஒரு வகுப்பு வேண்டும். கெட்ட நிரலுக்கும் பாஸ் போடும் சோதனையை மாணவர்களிடம் கொடுத்து, எந்த வரி ஏமாற்றுகிறது என்று தேடச் சொல்லலாம். அதற்கான பயிற்சிப் பொருள் கிட்டின் பழைய ஸ்கிரிப்டுகளிலும், அவற்றைத் திருத்திய பேட்சுகளிலும் இலவசமாகவே கிடைக்கிறது.