தாயம் விழலையா? கணக்கு இருக்கு!

ஞாயிறு மதியம் கரன்ட் போனால் படப்பையில் எங்கள் மொட்டைமாடி நிழலில் தாயம்தான். சாக்பீஸ் கட்டம், புளியங்கொட்டைக் காய், பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1, 2, 3 புள்ளி, ஒன்று காலி. கூட்டினால் 1 வருவது தாயம். அது விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டும் காலியானால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம்.

'எனக்கு மட்டும் ராசியே இல்லப்பா!' என்று புலம்பும் நண்பரே, கட்டை விழும் 16 விதத்தில் தாயம் இரண்டுதான். எட்டு முறை உருட்டியும் விழாமல் போவது சுமார் மூன்றில் ஒருத்தருக்கு நடக்கும். ஒன்பதாவது தடவையும் அதே எட்டில் ஒரு வாய்ப்புதான். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது! 'அடுத்தது கட்டாயம் விழும்' என்ற நினைப்பில்தான் பலருடைய சம்பளக் கவர் காலியாகிறது. எங்கள் பந்தயம் ஒரு டீ. மாசக் கடைசியில் அதுவும் கடன்தான்!