மவுசருக்கு நெயில் பாலீஷ் போடும் மகானுபாவர்களே!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடான பதிவு. கவிதை எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த வீட்டுக்குப் போயிடலாம் :-)

அதாகப்பட்டது, பழைய கைத்துப்பாக்கி சேகரிக்கிறவங்க மத்தியில ஒரு வியாதி இருக்கு. நூறு வருஷத்துக்கு முந்தின லூகரோ மவுசரோ கையில கிடைச்ச உடனே, அதுல வெட்டியிருக்கிற எழுத்து, எண், முத்திரை எல்லாத்துக்குள்ளேயும் வெள்ளை, சிவப்பு, தங்கக் கலர்னு பெயிண்டை நிரப்ப வேண்டியது. எனாமல், கிரேயான், வீட்டம்மாவோட நெயில் பாலீஷ்... எது கிடைச்சாலும் சரி. கேட்டா, "எழுத்து எப்படிப் பளிச்சுனு தெரியுது பாருங்க" என்பார்கள். தெரியுது சாமி. ஆனா அது யார் எழுதினது?

அந்த எழுத்து ஒரு ஆவணம். எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், யார் பரிசோதிச்சாங்க, எந்தப் படைப்பிரிவுக்குப் போச்சு, எல்லாம் அதுலதான் இருக்கு. கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிச்சா நாம எப்படிக் கொதிக்கிறோம்? இதுவும் அதே ஜாதிதான்.

"பெயிண்டே தப்பா?"ன்னு கேட்காதீங்க. தொழிற்சாலையே, ராணுவமே பூசின பெயிண்ட் உண்டு. பேர்போன உதாரணம் மவுசர் சி96. 7.63 மி.மீ. குண்டுக்காகப் பிறந்த பிஸ்டல் அது. முதல் உலகப்போர் நடுவுல, 1916-ல், ஜெர்மன் ராணுவம் 9 மி.மீ. குண்டு போடுற மாதிரி 1,50,000 பிஸ்டல் கேட்டு ஆர்டர் கொடுத்தது. ரெண்டு வகையும் பார்க்க ஒரே மாதிரி. அவசரத்துல சிப்பாய் மாத்திப் போட்டுடக் கூடாதுன்னு மரக் கைப்பிடியில பெரிசா 9-ன்னு வெட்டி, சிவப்பு பூசினாங்க. 'ரெட் நைன்'னு பேரே வந்துடுச்சு. அந்தச் சிவப்பு அழகுக்குப் போட்டதில்லை, எச்சரிக்கை. இன்னிக்கு அது மங்கி, பாதி உதிர்ந்து, வியர்வையும் எண்ணெயும் ஏறி செங்கல் நிறத்துல இருக்கும். இருக்கட்டுமே! அதுக்கு மேல புதுசா செக்கச்செவேல்னு பூசினா, பழைய சிவப்பு நிஜமா பொய்யான்னு நாளைக்கு யார் சொல்றது? மவுசருக்கு மவுசே அதுலதானே இருக்கு?

அதே மாதிரி வால்தர் பி.38. சேஃப்டி லீவர் பக்கத்துல எஃப்-னு சிவப்புல இருந்தா சுடத் தயார், எஸ்-னு வெள்ளையில இருந்தா பத்திரம். இதுவும் தொழிற்சாலைப் பூச்சுதான்.

ஆனா ராணுவ லூகர் பி.08? லீவரைத் தள்ளினா 'கெஸிஷெர்ட்', அதாவது 'பூட்டியாச்சு'ன்னு ஒரு வார்த்தை தெரியும். அந்த இடத்துல கருமெருகு இல்லாம உலோகத்தைப் பளபளன்னு விட்டிருப்பாங்க. வார்த்தையைக் கண்ணுக்குக் காட்ட அவங்க கண்டுபிடிச்ச வழி அது. அங்க போய் வெள்ளைப் பெயிண்ட் அப்புறவரை என்ன சொல்றது?

இனி வழக்கமா வர்ற வாதங்கள்.

1. "போட்டோவுல எழுத்து தெரியலைங்க."
ஒரு டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க. பள்ளத்துல நிழல் விழும், எழுத்து தானா எழுந்து நிக்கும். செலவு பூஜ்யம்.

2. "பெயிண்ட்தானே, வேண்டாம்னா எடுத்துடலாம்."
இதுதான் பெரிய புருடா. அசிட்டோன் ஊத்தினா உங்க பெயிண்டோட, அடியில ஒட்டியிருந்த நிஜப் பெயிண்டும் கைப்பிடியோட பழைய பூச்சும் சேர்ந்து போகும். ஸ்டீல் வுல் வெச்சுத் தேய்ச்சா கருமெருகே போகும். தேய்ச்சது தெரியாம இருக்க மறுபடி மெருகு போடுவீங்க. அதோட கதை முடிஞ்சது.

3. "என் காசு, என் பிஸ்டல்."
வாஸ்தவம். ஆனா உங்களுக்கு முன்னாடி நாலு பேர் கையில இருந்தது, உங்களுக்கு அப்புறம் இன்னும் நாலு பேர் கைக்குப் போகும். என்னை மாதிரி வாங்க வக்கில்லாம கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்னு படிக்கிற கூட்டமும் இருக்கு. எங்களுக்கு மிச்சம் அந்த எழுத்து ஒண்ணுதான்.

இதுல காசு மேட்டரும் இருக்கு. உலோகத்துல அச்சு அடிச்சா ஓரம் லேசா மேடாகும், முனை கூர்மையா நிக்கும். பஃப் போட்டு மறுமெருகு ஏத்தின துப்பாக்கியில அந்த முனை மழுங்கி, எழுத்து ஆழம் குறைஞ்சிருக்கும். விஷயம் தெரிஞ்சவர் அதைப் பார்த்தே கண்டுபிடிப்பார். அந்த மழுங்கலை மூட வெள்ளைப் பெயிண்டை விடச் சுலபமான வழி கிடையாது. எண்ணை மாத்தி அடிச்சிருந்தாலும் அதே பெயிண்ட் மூடும். பூசினவர் எல்லாரும் திருடர்னு சொல்லலை. ஆனா யோக்கியர் பூசினதும் திருடர் பூசினதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு!

எண்ணுக்கு என்ன பெரிய மதிப்புன்னு கேட்பவர்களுக்கு நம்ம ஊர்க் கதை ஒண்ணு. 1914 ஆகஸ்ட் 26, கல்கத்தா. ரோடா கம்பெனிக்கு வந்த சரக்குல 50 மவுசர் பிஸ்டலையும் 46,000 குண்டையும் வங்கப் புரட்சியாளர்கள் அப்படியே தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. 1915-ல் பாலசோர்ல பாகா ஜதீன் குழு போலீஸை எதிர்த்து நின்னதும் மவுசரோடதான். ஒவ்வொரு பிஸ்டலோட எண்ணும் கம்பெனி கணக்குல இருந்தது. இன்னிக்கு எங்கேயாவது ஒரு சி96 கிடைச்சு, அது அந்த ஐம்பதுல ஒண்ணான்னு கேள்வி வந்தா, பதில் சொல்லப் போறது அந்தச் சின்ன எண்தான். அதைச் சுரண்டி, பூசி விளையாடலாமா?

கடைசியா, பெயிண்டை எடுக்கக் கிளம்பும் நல்லவர்களுக்கும் ஒரு வார்த்தை. லூகர்ல வெள்ளை இருந்தா உடனே பாய வேண்டாம். 1945-ல் அதை ஊருக்குக் கொண்டுபோன சிப்பாயே பூசியிருக்கலாம். அப்படின்னா அதுவும் சரித்திரம்தான். பெயிண்டுக்கு அடியில ஈரம் தங்கித் துரு பிடிக்குதுன்னா மட்டும் கை வையுங்க. அப்பவும் மரப் பல்குச்சியால, கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல போட்டோ எடுங்க. என்ன செஞ்சீங்க, என்னிக்குச் செஞ்சீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பிஸ்டலோட வையுங்க. விக்கும்போது அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்க. விலை கொஞ்சம் குறையும்தான். குறைஞ்சா குறையட்டும்.

மத்தபடி சும்மா விடுங்க சாமிகளா. மங்கினது மங்கினதாவே இருக்கட்டும்.

டிஸ்கி: பெயிண்ட் கம்பெனிகள் மேல எனக்கு எந்தக் காழ்ப்புணர்ச்சியும் இல்லை. சுவருக்கு அடிங்க, கதவுக்கு அடிங்க. திட்டணும்னு தோணுற சேகரிப்பு அண்ணாச்சிகள் பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.