தகரக் கூரையின் கீழ் ஓர் ஏரியல்

கிளிநொச்சிப் பகுதியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். கனடாவில் வாழும் அவருடைய மைத்துனர், தம் வீட்டு முகட்டின் கீழ் ஏரியல் ஒன்றை நிறுத்தி, புகையிரத ஊழியர் தம்முள் பேசிக்கொள்வதைக் கேட்டு மகிழ்பவராம். ஊருக்கு வந்தபோது வானொலிப் பெட்டியொன்றையும், வீட்டுக்கும் வாகனத்துக்குமாக இரண்டு ஏரியல்களையும் கொடுத்துச் சென்றிருக்கிறார். “வீட்டில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் எனது வான் வண்டியில் மற்றதைப் பூட்டலாமா? கடவையை நெருங்குமுன் புகையிரதம் வருவதை அறிய உதவுமல்லவா?” என்பது அவர் வினா.

இறுதி வினாவுக்கே முதலில் விடை கூறிவிடுவோம். உதவாது. எவரேனும் பேசினாலன்றி வானொலி ஒலிப்பதில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஒரு கிலோமீற்றரை 36 செக்கனில் கடந்துவிடும். அந்த 36 செக்கனில் சாரதி வாய் திறக்கவேண்டிய நியதி எதுவுமில்லை. பெட்டி மௌனமாயிருப்பதைக் கண்டு பாதை வெறுமையாயிருக்கிறது என எண்ணிப் பிள்ளைகளோடு கடவையில் ஏறுவதைக் காட்டிலும், அப்பெட்டி இல்லாதிருத்தலே நன்று. காவலற்ற கடவையில் வண்டியை நிறுத்தி, வானொலியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இருபுறமும் நோக்குங்கள்.

இன்னொன்று. வட அமெரிக்காவில் புகையிரதப் பேச்சு 160 மெகாஹேர்ட்ஸை அடுத்த அலைகளில் நடைபெறுகிறது. சாதாரணப் பெட்டியிலேயே கேட்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலோ அது எண்முறைக்கு மாறிவிட்டதால் பொழுதுபோக்காளர் காதுக்கு எட்டுவதில்லை. ஆகவே கனடாவில் கேட்டது இங்கும் கேட்குமென்று கொள்ளற்க. எதைக் கேட்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிந்த பின்னரே பெட்டியைத் திருகுதல் முறை.

இனி ஏரியலுக்கு வருவோம். 1990க்குப் பின் மின்சாரமும் பற்றரியும் அற்றிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட மக்களுக்கு வானொலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆயினும் அன்று சிற்றலைக்காக மரத்துக்கு மரம் கட்டிய நீண்ட கம்பி இங்கே பயன்படாது. அலையின் நீளம் குறையக் கம்பியின் நீளமும் குறையவேண்டும். 7500 என்னும் எண்ணை மெகாஹேர்ட்ஸால் வகுத்தால், நாற்கூற்று அலைக் கம்பியின் நீளம் சென்ரிமீற்றரில் கிடைக்கும். 160க்கு ஏறத்தாழ 47. பண்பலை வானொலியின் 100க்கு 75. வீட்டு ஏரியலாயின் இத்தகைய கம்பிகள் இரண்டை, ஒன்று மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியும் நிற்க, நடுவில் வடத்தை இணைப்பர். மைத்துனர் தந்தது இவ்வகையே.

அது கனடாவில் பேசி இங்கே ஊமையானது ஏன்? அங்கே கூரை பெரும்பாலும் மரப்பலகையின் மேல் தார் கலந்த ஓடு வேய்ந்தது. அலை தடையின்றி உட்புகும். நமது மண் ஓடும், கிடுகும், அஸ்பெஸ்டஸ் தகடும் அவ்வாறே வழிவிடும். தகரமோ விடாது. 2009க்குப் பின் மீளக் குடியேறியோர் பலருக்கு முதலில் கிடைத்த கூரை தகரமே. அன்பரின் வீடும் அப்படியே இருக்கிறதாம். தகரத்தின் கீழ் எவ்வளவு விலையுயர்ந்த ஏரியலை வைத்தாலும், மூடிய பானைக்குள் விளக்கேற்றிய கதைதான்.

ஆனால் உள்ளே பகைவனாயிருக்கும் அத்தகரமே வெளியே நண்பனாகிறது. வாகனத்துக்கென வந்த காந்த அடி ஏரியல், தன் கீழுள்ள இரும்புத் தகட்டையே தன் மறுபாதியாகக் கொண்டு இயங்குவது. வான் வண்டியின் கூரை நடுவில் வைப்பதே அதற்குச் சிறப்பு. ஓரத்திலோ பின்தாங்கியிலோ வைத்தால் ஒருபுறம் நன்றாகவும் மறுபுறம் குறைவாகவும் கேட்கும். அதே ஏரியலைத் தகரக் கூரையின் மேல் வைத்துப் பாருங்கள், வீட்டுக்கு வேறொன்று தேவையில்லை. துணிக் கூரை போட்ட ஓட்டோ வைத்திருப்போர், சுற்றிலும் 47 சென்ரிமீற்றர் பரவத்தக்க தகடொன்றை அடியில் இடவேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். வன்னி சமதரையாதலால், தரையிலிருந்து 4 மீற்றர் உயரத்து ஏரியலுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 8 கிலோமீற்றரிலும், 9 மீற்றர் உயரத்துக்கு 12 கிலோமீற்றரிலும் அமையும். மழையில் நனைந்த காடு இதனைக் குறைக்கும். உயர்த்துகிறோம் என்று வடத்தையும் நீட்டிக்கொண்டே போகலாகாது. மெல்லிய வடம் 10 மீற்றரில் வந்த அலையின் மூன்றிலொரு பங்கைத் தின்றுவிடும்.

அன்பரின் துணைவியார் கடிதத்தின் ஓரத்தில், “இடி விழாதா?” என்று தனியாக எழுதியிருக்கிறார். கணவரின் வினாக்களிலும் இதுவே நல்ல வினா. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் வேளைகளில் மின்னல் மிகுதி. வானம் கறுக்கும் முன்னரே வடத்தைப் பெட்டியிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். முழக்கம் கேட்கத் தொடங்கிய பின் அதைத் தொடவே கூடாது. மின்கம்பிகளின் அருகில் கம்பம் நாட்டற்க. பனை உச்சியில் ஏரியல் கட்டும் எண்ணம் பையன்களுக்கு இருக்குமாயின், ஏணியை எடுத்து ஒளித்துவிடுங்கள்.