ஆளைக் கொண்டுவந்து காட்டுக!

‘இராணுவச் சட்டம்’ என்னும் சொல்லை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். நெருக்கடி நிலை, ஊரடங்கு உத்தரவு, இராணுவ நீதிமன்றம் என்பனவும் அதனருகே வருகின்றன. இவை யாவும் ஒன்றே என நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அவை ஒன்றல்ல. வேறுபாட்டை அறிய, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாறு நமக்கு உதவும். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டுப் பழகிய குடும்பங்களுக்கு அந்நாடு அந்நியமன்று.

1972இல் குடியரசுத் தலைவர் பெர்டினாண்ட் மார்க்கோஸ், செப்டம்பர் 21 எனத் தேதியிட்ட 1081ஆம் பிரகடனத்தால் நாடு முழுவதையும் இராணுவச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தார். மக்களுக்கு அது அறிவிக்கப்பட்டது 23ஆம் நாளில்தான். அதற்குள் கைதுகள் தொடங்கிவிட்டன. பத்திரிகை அலுவலகங்களும் வானொலி நிலையங்களும் மூடப்பட்டிருந்தன.

இராணுவத்தினரின் ஒழுங்குக்கென எழுதப்பட்ட சட்டம் ஒன்று பெரும்பாலான நாடுகளில் உண்டு. அது படைவீரரைக் கட்டுப்படுத்துவது. நாம் இங்கே பேசுவது அதுவன்று. குடிமக்கள் மீதே படையின் அதிகாரம் செலுத்தப்படும் நிலையைத்தான் இராணுவச் சட்டம் என்கிறோம். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நம் நாட்டில் இருந்தது நெருக்கடி நிலை. உரிமைகள் பறிக்கப்பட்டன, சிறைகள் நிரம்பின. எனினும் ஆண்டது படையன்று. நமது அரசியலமைப்பின் 34ஆம் பிரிவு இராணுவச் சட்டத்தைப் பெயரளவில் குறிப்பிடுகிறதே அன்றி, அதற்கு இலக்கணம் கூறவில்லை.

ஊரடங்கு இவற்றுள் சிறியது. நேரத்தை மட்டும் கட்டுப்படுத்துவது. பிலிப்பைன்ஸில் அது நள்ளிரவு முதல் அதிகாலை 4 மணிவரை நீடித்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒன்பது நாள் விடியுமுன் திருப்பலிக்குச் செல்வது அம்மக்களின் பழம்பெரும் வழக்கம். ஊரடங்கினால் பல பங்குகளில் அத்திருப்பலி முன்மாலைக்கு மாறியது.

ஆயினும் வீட்டுத் தாய்மார்கள் வேறெதை மறந்தாலும் மறக்கக்கூடாத சொல் ஒன்று உண்டு: ஆட்கொணர்வு ஆணை. ஆங்கிலேயர் இதனை ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என இலத்தீனிலேயே வழங்கினர். ‘கோர்ப்புஸ் கிறிஸ்தி’ எனக் கேட்டுப் பழகிய நமக்கு அச்சொல்லின் பொருள் விளங்கும்: உடல். “நீ பிடித்து வைத்திருப்பவரை உடலோடு என்முன் கொண்டுவந்து நிறுத்து, பிடித்த காரணத்தைச் சொல்” என்று நீதிபதி சிறைக்காவலருக்கு இடும் கட்டளை அது.

செனட்டர் ஹோசே டியோக்னோ, இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட அன்றே சிறைப்பிடிக்கப்பட்டார். வழக்கறிஞர், நீதித் துறை அமைச்சராக இருந்தவர். அவர் மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை. 1973 மார்ச்சில் அவரும் செனட்டர் பெனிக்னோ அக்கினோவும் கண்கள் கட்டப்பட்டுத் தொலைவிலுள்ள படைமுகாம் ஒன்றில் தனிச்சிறையில் வைக்கப்பட்டனர். அவர்களுடைய உடைமைகள் மட்டும் குடும்பங்களிடம் திரும்பி வந்தன. அந்தப் பொருள்களைக் கையில் வாங்கிய மனைவியர் என்ன எண்ணியிருப்பர்! உச்ச நீதிமன்றத்தில் கிடந்த ஆட்கொணர்வு மனுவை, இனி அங்கே நீதியை எதிர்பார்ப்பதற்கில்லை என்று கூறி டியோக்னோ தாமே திரும்பப் பெற முனைந்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்து, 1974 செப்டம்பர் 11இல், குற்றச்சாட்டு ஏதுமின்றியே விடுவிக்கப்பட்டார். ஆறு நாள் கழித்து, பிரகடனம் செல்லும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படைவீரரல்லாத அக்கினோவுக்கோ 1977இல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, அது நிறைவேற்றப்படவில்லை.

ஆயர்கள் யாவரும் தொடக்கமுதலே இதனை எதிர்த்தனர் என நாம் கூறினால் அது உண்மையாகாது. சிறைவாசல்களுக்கு முதலில் சென்றோருள் துறவியர் பலர். 1974இல் துறவற சபைத் தலைவர்களின் கூட்டமைப்பு, கைதிகளுக்கென ஒரு பணிக்குழுவை நிறுவியது. அதனை நெடுங்காலம் நடத்திய அருட்சகோதரி மரியானி டிமரானன், 1973இல் தாமே சிறையிலிருந்தவர். யார், எங்கே, எப்போது பிடிபட்டார் என அக்குழுவினர் பதிவு செய்தனர். நீதிமன்றம் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்டார்கள். பின்னாளில், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மார்க்கோஸ் ஆட்சியில் உரிமை மீறலுக்கு ஆளானோராக 11,103 பேரை அந்நாட்டரசே ஏற்றுக்கொண்டது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வருகை தரவிருந்த நிலையில், 1981 ஜனவரி 17இல் இராணுவச் சட்டம் நீக்கப்பட்டது. காகிதத்தில் நீங்கியது என்போம். நீதிபதியின் ஆணையின்றி அடைத்து வைக்கும் அதிகாரத்தை மார்க்கோஸ் விட்டுவிடவில்லை. 1986 பிப்ரவரியில், கர்தினால் சின் வேரித்தாஸ் வானொலி வழியே விடுத்த அழைப்பைக் கேட்டு மக்கள் செபமாலையுடன் சாலையை நிறைத்த பின்னரே அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, இராணுவச் சட்டத்தை அறவே ஒழிக்கவில்லை. படையெடுப்போ கிளர்ச்சியோ நேர்ந்து, பொதுமக்களின் பாதுகாப்பு கோரினால் மட்டும், 60 நாள்களுக்கு மிகாமல் அதனை அனுமதித்தது. 48 மணி நேரத்தில் நாடாளுமன்றத்திற்கு அறிக்கை தரவேண்டும், நாடாளுமன்றம் அதனை நீக்கலாம். இயங்கிவரும் நீதிமன்றங்களின் இடத்தை இராணுவ நீதிமன்றம் பிடிக்கலாகாது. ஆட்கொணர்வு உரிமை நிறுத்தப்பட்ட காலத்திலும், பிடிபட்டவர் மீது மூன்று நாள்களுக்குள் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்படாவிடில் அவரை விடுவித்தாக வேண்டும். டியோக்னோ சிறையிலிருந்தது எழுநூறு நாள்களுக்கும் மேல்.