‘வேடப்பிள்ளை’ என்பவர்களிடம் சில கேள்விகள்

பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை குறைவாம். செயலமர்வு நடத்துகிறவர்கள் எழுதும் அறிக்கைகளில் இந்த வாக்கியம் தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. நோய் பிள்ளைக்குள்தான் இருக்கிறது என்று தீர்மானித்துவிட்டால் மருந்தும் மலிவு: ஒருநாள் பயிற்சி, பெரிய வெள்ளைத்தாளில் ‘எனது பலங்கள்’, பகல் சாப்பாட்டுப் பார்சல், கடைசியில் ஒரு குழுப்படம். கடலோர வேடர் கிராமங்களை அறிந்தவன் என்ற வகையில் இந்த நோயறிதலை நான் மறுக்கிறேன்.

வாகரை தொடக்கம் மூதூர்ப் பக்கம் வரை கரையோரமாக வாழும் இம்மக்களின் மொழி தமிழ். களப்பு மீன், காட்டுத் தேன், சேனை, கூலிவேலை என்று சீவியம். 2004 கடற்கோள் வாகரைக் கரையைத் துடைத்தெடுத்தது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் யுத்தம் அங்கிருந்த சனங்களை அகதிமுகாம்களுக்குத் துரத்தியது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து மீண்ட சனத்தின் பிள்ளையை வகுப்பறையில் ஒரு சொல் சாய்த்துவிடுகிறது.

தமிழில் வேடனுக்குக் குறைவான இடமா இருக்கிறது? நாயன்மார் வரிசையிலே கண்ணப்பர் இருக்கிறார். கதிர்காமத்து வள்ளியைத் தங்கள் குலத்து மகள் என்று வேடர் உரிமை கொண்டாடுகின்றனர். தெய்வமாக நிற்கும்வரை வேடச்சி வந்தனைக்குரியவள், பக்கத்து வாங்கில் வந்து குந்தினால் மட்டும் “அது வேடப்பிள்ளை, படிப்பு ஏறாது.” ஆசிரியர் ஓய்வறையில் இதை நான் என் காதால் கேட்டவன். சொன்னவர் கெட்டவரல்லர். கோபமாகவும் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். ஏச்சுக்குப் பதில் ஏசலாம், இரக்கத்துக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வாள்? எனக்குத் தெரிந்த ஒருத்தி, ஊரைக் கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்வாள். அம்மம்மா பாடும் சடங்குப் பாட்டு அவளுக்குத் தெரியும், தெரியாதென்பாள். பதின்மூன்று வயதில் தன்னை ஒளித்துவைக்கப் பழகுவதற்கு எவ்வளவு மூளை வேண்டும்! அதற்குத்தான் நாம் ‘படிப்பு ஏறாது’ என்று புள்ளி போடுகிறோம்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை. ஆய்வாளரும் புகைப்படக்காரரும் வருவார்கள். சட்டை போட்டு, தமிழ் பேசி, கையில் தொலைபேசியும் வைத்திருப்பவளைப் பார்த்ததும் அவர்களுக்கு ஏமாற்றம். ‘உண்மையான வேடர் அழிந்துவிட்டனர்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் வேடச்சியாக இருப்பது குற்றம், ஆய்வேட்டில் இல்லாமலிருப்பது குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த உளவளத்துணையாளர் அவளை நிமிர்த்தி வைப்பார்?

பழைய கதையும் அவளுக்குத் துணையாக இல்லை. மகாவம்சத்தில் குவேனி இயக்கி. பாண்டிய நாட்டிலிருந்து இளவரசி வருகிறாள் என்றதும் விஜயன் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியேற்றுகிறான். அந்தப் பிள்ளைகளின் வழிவந்தோரே புளிந்தர் என்கிறது நூல். அவர்கள் வேடரே என்பது பலர் கொள்ளும் கருத்து. இந்நாட்டின் ஆதித்தாய் ஒருத்தி கைவிடப்பட்ட கதையை விஜயனின் வரலாறாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம்.

எம்மவருக்கு இதிலே தனிக் கடமை உண்டென்பேன். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தபோது நமக்கு எவ்வளவு சுட்டது! 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுத்து நூலெழுதினார். பேசும் மொழி தமிழ் என்பதற்காக எம்மை யாரென்று பிறர் தீர்மானிக்கலாகாது என்று நூறாண்டுக்கு மேலாக வாதாடி வருகிறோம். 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில் செட்டிகளுக்கும் பரதருக்கும் தனி நிரல் இருந்தது, வேடருக்கு இருக்கவில்லை. இதைப்பற்றி நமது சஞ்சிகைகளில் எத்தனை வரி வந்தது? விளிம்புநிலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்கள், தேன் போத்தலோடு வாசலில் வந்து நிற்கும் விளிம்பைக் காண்பதில்லை.

இது வெறும் உணர்ச்சிவசப்பட்ட பேச்சல்ல. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ 200 பழங்குடிச் சமூகங்களில் இளையோர் தற்கொலைகளை ஆராய்ந்து மைக்கல் சான்ட்லரும் கிறிஸ்டோபர் லலோண்டும் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல சமூகங்களில் ஒரு மரணம்கூட இல்லை, சிலவற்றிலோ நாட்டுச் சராசரியின் பன்மடங்கு. வேறுபாடு எங்கேயென்று தேடினர். நில உரிமைக்கான போராட்டம், தன்னாட்சி, பாடசாலை, சுகாதார சேவை, பண்பாட்டு நிலையம் போன்றவை தம் மக்களின் கையில் இருந்த இடங்களில் பிள்ளைகள் பிழைத்திருந்தனர். ‘எனது பலங்கள்’ எழுதவைத்த இடங்களில் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நமது நாட்டில் நடந்ததோ நேரெதிர். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது தம்பானைப் பக்கத்து வேடரின் வேட்டைக் காடு சட்டப்படி அவர்களுக்கு அந்நியமாயிற்று. தகப்பன் தன் காட்டுக்குள் களவாகப் போய்வருவதைப் பார்த்து வளரும் மகளிடம் சுயமதிப்பைப் பற்றி வகுப்பெடுப்பது என்ன நியாயம்?

கல்வி அதிகாரிகளிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கிராமங்களிலேயே படித்து வந்த பெண்களுக்கு அங்கே ஆசிரியர் நியமனம் கொடுங்கள். அம்மம்மாவின் பாட்டைப் பாடசாலைக்குள் விடுங்கள். அப்புறம், கலைவிழா வந்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகளின் முகத்தில் கரிபூசி, இடுப்பில் இலைகட்டி, ‘வேடர் நடனம்’ என்று மேடையேற்றிச் சபையைச் சிரிக்கவைக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். செயலமர்வைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.