கணப்படுப்பின் அழகும் கைவினைஞர் பொறுப்பும்

பனி பெய்யும் நாடுகளில் வீட்டுக்கு வெப்பமூட்டும் விறகு அடுப்பு, நம் சமையலறை அடுப்பினின்று வேறுபட்டது. கூடத்தின் நடுவே நிற்கும் இரும்புக் கணப்பு அது. குளிர்காலம் முழுவதும் குடும்பத்தார் அதனைச் சுற்றியே அமர்கின்றனர். ஆகவே அதனை அழகுபடுத்தும் ஆசையும் அம்மக்களிடம் பழமையானது. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள், ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல் முதலிய விவிலியக் காட்சிகளை அடுப்பின் வார்ப்பிரும்புத் தகடுகளிலேயே அமைத்தனர். ஹென்றி மெர்சர் என்பார் அத்தகடுகளை ஆராய்ந்து, 'இரும்பில் விவிலியம்' என்னும் பொருள்படும் நூலை 1914-இல் வெளியிட்டார்.

வார்ப்புக்கு உலைக்கூடம் வேண்டும். பற்றவைப்புக் கலை வந்தபின் தனி ஒருவரே இரும்பில் உருவங்கள் செய்வது எளிதாயிற்று. ஸ்பானியச் சிற்பி ஜூலியோ கொன்சாலஸ், 1918-இல் பாரிஸை அடுத்திருந்த ரெனோ தொழிற்சாலையில் இத்தொழிலைக் கற்று, 1928 முதல் பிக்காசோவின் இரும்புச் சிற்பப் பணிக்குத் துணை நின்றார். தொழிற்சாலைக் கருவி இவ்வாறு சிற்பக்கூடத்தில் புகுந்தது. இன்று அமெரிக்க, கனடிய உழவர் சிலரின் கொட்டகைகளிலும் அக்கருவி இருக்கிறது. தேய்ந்த கொழு, அறுந்த சங்கிலி, பழைய குதிரை லாடம் ஆகியவற்றைக் கொண்டு கொடியும் பறவையும் செய்து, கணப்பின் பின்சுவரை அலங்கரிக்கின்றனர், விற்பனையும் செய்கின்றனர். பழைய இரும்பு கலைப்பொருளாவதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. "அழகுக்குத்தான் கலைஞன் பொறுப்பு, நெருப்பின் விஷயத்தை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று கூறுவாருண்டு. இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

அந்நாட்டு வீடுகளில் பல மரச்சட்டங்களால் ஆனவை. சோதனைச் சான்று பெறாத அடுப்புக்கும், தீப்பற்றக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குல இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி. சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி உலோகத் தகட்டுத் தடுப்பை முறைப்படி நிறுத்தினால், அவ்விடைவெளியை 12 அங்குலமாகக் குறைக்கலாம். காற்றுதான் இங்கே காவலாளி. தகட்டின் அடியில் புகும் குளிர்ந்த காற்று, சூடேறி மேல்வழியே வெளியேறி, சுவரைக் காக்கிறது. அழகிய இரும்புக் கொடி ஒன்று அவ்வழிகளை அடைத்துவிட்டால் தடுப்பு பயனற்றதாகும். அலங்காரத்தைத் தாங்கும் ஆணி, அடுப்புக்கு நேர் எதிரே மரத்தில் இறங்கினாலும் வெப்பம் அதன் வழியே உள்ளே செல்லும். நெடுநாள் வெப்பமுண்ட மரம் உள்ளுக்குள் கரியாகி, முன்னிலும் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலையை அடைகிறது. முதற் குளிர்காலத்தில் தீங்கு நேராமை, பின்வரும் ஆண்டுகளுக்கு உறுதியாகாது.

இரும்பு சூட்டில் நீள்வதையும் கருத வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டம், 100 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். நாற்புறமும் இறுகப் பூட்டினால் அது நெளியும். பற்றவைத்த இடம் விரிசல் காணவும் கூடும். கரை நூலும் உடல் நூலும் வெவ்வேறளவு சுருங்கினால் சேலை சுருக்கம் விழுவதை நம் நெசவாளர் அறிவர். இதுவும் அத்தகையதே. ஆணித் துளைகளை நீளவாக்கில் அமைத்து, இரும்பு அசைய இடம்விட்டால் இக்குறை நீங்கும்.

செய்பவரின் நலமும் இதில் அடங்கியது. துத்தநாகம் பூசிய தகடும் குழாயும் எளிதிற் கிடைக்கின்றன. ஆனால் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. எஃகு உருகவோ 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பற்றவைக்கும்போது பூச்சு வெண்புகையாய் எழுகிறது. அதைச் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்திற்குள் குளிர்சுரம் வரும். காட்மியம் பூசிய ஆணியின் புகை உயிரையே வாங்க வல்லது. பழைய பண்ணைச் சாமான்களில் ஈயம் கலந்த வண்ணமும் இருக்கலாம். பூச்சு இன்னதென்று அறியாத இரும்பை விலக்குவதே அறிவுடைமை.

இவ்வளவும் பார்த்தால் வேலை தாமதமாகும், விலை ஏறும் என்பது மெய்யே. ஆனால், சுவர் எதனால் ஆனது, அடுப்பு எவ்வளவு தொலைவில் நிற்கிறது, காற்றுவழி எங்கே இருக்கிறது என்னும் மூன்று வினாக்களைக் கேட்க அரைநாழிகையும் ஆகாது. விடை அறிந்த பின்னரே அளவெடுக்க வேண்டும். பொருத்தும் முறையை ஒரு தாளில் எழுதிப் பொருளுடன் கொடுப்பதும் கடமை. வாங்குபவர் இரும்பின் இயல்பை அறியார், செய்பவர் அறிவார். அறிந்தவர் மீதே பொறுப்புச் சாரும்.

சாயம் நில்லாத சேலையைக் கரை அழகாயிருக்கிறதென்று சொல்லி விற்க நம் சங்க அங்கத்தினர் எவரும் ஒப்பார். தறிக்கு உரிய இந்நேர்மை பட்டறைக்கும் உரியது. தீயின் அருகே வைக்கும் பொருளைச் செய்பவர், அதன் அழகுக்குப் பொறுப்பேற்பது போலவே அவ்வீட்டாரின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே நம் கருத்து.